பல மாநிலங்களில் வேலை செய்யும் மாணவரின் மாநில வருமான வரி (அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் சம்பளம் பெறும் மாணவர், கூட்டாட்சி அரசுக்குச் செலுத்தும் வருமான வரியைத் தவிர, சம்பந்தப்பட்ட மாநிலங்களுக்கும் தனித்தனியே வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டியிருக்கலாம். வீடு ஒரு மாநிலத்தில், கல்லூரி மற்றொரு மாநிலத்தில், கோடைகாலப் பயிற்சி வேலை மூன்றாவது மாநிலத்தில் என்பது அங்குள்ள மாணவர்களிடையே மிகவும் இயல்பான நிலை. வளாகத்தில் நூலக வேலை, கோடையில் ஒரு நிறுவனத்தில் பத்து வாரப் பயிற்சி என இரண்டு வேலைகள் மட்டுமே இருந்தாலும், மூன்று மாநிலங்களின் சட்டங்கள் அந்த ஒரு மாணவரைத் தொடக்கூடும்.

ஒரே சம்பளத்துக்கு இரண்டு மாநிலங்களில் முழு வரி கட்ட வேண்டிய நிலை வராதபடி சட்டத்தில் ஏற்பாடுகள் உள்ளன. ஆனால் அவை தாமாக நடப்பதில்லை. உரிய படிவத்தில், உரிய வரிசையில், மாணவரே கேட்டுப் பெற வேண்டும். கேட்காதவரின் பணம் இரண்டு கருவூலங்களிலும் தங்கிவிடும்.

வரியின் பின்னணி

அமெரிக்காவில் கூட்டாட்சி அரசும் மாநில அரசுகளும் தனித்தனியே வருமான வரி விதிக்கும் அதிகாரம் கொண்டவை. விஸ்கான்சின் மாநிலம் 1911ஆம் ஆண்டு கொண்டுவந்த வருமான வரியே நவீன மாநில வருமான வரிகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. கூட்டாட்சி வருமான வரிக்கு உறுதியான அடித்தளம் அமைத்த 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதற்குப் பின்னர், 1913இல்தான் நடைமுறைக்கு வந்தது.

மாநிலங்களின் வரி அதிகாரம் இரண்டு தனித்தனிக் காரணங்களின் மேல் நிற்கிறது. ஒன்று, குடியிருப்பு: தன் மாநிலத்தில் குடியிருப்பவர் உலகின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் அந்த வருமானத்துக்கு மாநிலம் வரி கேட்கலாம். மற்றொன்று, வருமானம் பிறந்த இடம்: வெளிமாநிலத்தவர் தன் எல்லைக்குள் வந்து சம்பாதித்த தொகைக்கு மாநிலம் வரி கேட்கலாம். இரண்டாவது அதிகாரத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1920ஆம் ஆண்டு ஷாஃபர் எதிர் கார்ட்டர் வழக்கில் உறுதி செய்தது. இல்லினாய் மாநிலத்தில் குடியிருந்த ஒருவர் ஓக்லஹோமாவில் ஈட்டிய எண்ணெய் வருமானத்தைப் பற்றியது அவ்வழக்கு.

இவ்விரண்டு அதிகாரங்களும் ஒரே சம்பளத்தின் மேல் விழும்போதுதான் இரட்டை வரி என்னும் சிக்கல் எழுகிறது. கோடையில் வெளிமாநிலத்தில் வேலை செய்த மாணவரின் நிலை சரியாக இதுதான்.

நிலையான இருப்பிடம்

கணக்கைத் தொடங்கும் முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, மாணவரின் நிலையான இருப்பிடம் எது என்பது. ஒருவர் எங்கே சென்றாலும் இறுதியில் திரும்பி வரும் எண்ணத்துடன் வைத்திருக்கும் வீடே சட்டப்படி அவருடைய நிலையான இருப்பிடம் ஆகும். ஒரே நேரத்தில் ஒருவருக்கு ஒரு நிலையான இருப்பிடம்தான் இருக்க முடியும். புதிய ஒன்றை உண்மையாகவே ஏற்படுத்திக்கொள்ளும் வரை பழையதே நீடிக்கும்.

படிப்புக்காக மட்டும் வேறு மாநிலத்தில் தங்குவதால் பொதுவாக நிலையான இருப்பிடம் மாறுவதில்லை. நியூ ஜெர்சியில் பெற்றோர் வீட்டிலிருந்து ஓஹையோவுக்குப் படிக்கச் சென்ற மாணவர், விடுமுறைக்கு வீடு திரும்பி, நியூ ஜெர்சி ஓட்டுநர் உரிமத்தையும் வாக்காளர் பதிவையும் வைத்திருந்தால், அவர் நியூ ஜெர்சிக்காரராகவே கருதப்படுவார். மாறாக, பட்டம் முடித்து வேலைக்காக வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, உரிமம், வாகனப் பதிவு, வாக்குரிமை ஆகியவற்றையும் அங்கே மாற்றிக்கொண்டால் நிலையான இருப்பிடம் மாறிவிட்டது என்று கொள்ளலாம்.

இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, கல்லூரிக் கட்டணத்துக்கான குடியிருப்பும் வரிக்கான குடியிருப்பும் ஒன்றல்ல. ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் உள்ளூர் மாணவருக்கான குறைந்த கட்டணத்தைத் தர மறுத்தது என்பதாலோ, தந்தது என்பதாலோ வரிக் கேள்வி தானாக முடிவாகிவிடாது. இரண்டாவது, நிலையான இருப்பிடம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் நாள் கணக்கின்படி ஒருவரைக் குடியிருப்பவராகக் கருதும் மாநிலங்கள் உண்டு. நியூயார்க்கில் நிரந்தரமாகத் தங்கும் இடம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் அங்கு இருப்பவர் அவ்வாறு கருதப்படலாம். எனினும் முழுநேர இளநிலைப் பட்ட மாணவர் படிக்கும் காலத்தில் தங்கும் இடத்தை அம்மாநிலம் இக்கணக்கில் சேர்ப்பதில்லை. முதுநிலை மாணவருக்கு இந்த விலக்கு இல்லை.

மூவகை வரி செலுத்துவோர்

இருப்பிடம் தெளிவானபின், ஒவ்வொரு மாநிலத்திலும் மாணவர் எந்த வகையில் வருகிறார் என்பது தெரிந்துவிடும்.

குடியிருப்பவர்: ஆண்டு முழுவதும் அம்மாநிலத்தில் நிலையான இருப்பிடம் கொண்டவர். எல்லா மாநிலங்களிலும் பெற்ற சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும்.

வெளிமாநிலத்தவர்: அம்மாநிலத்துக்குள் சம்பாதித்த தொகைக்கு மட்டும் அங்கே வரி செலுத்துபவர்.

பகுதி ஆண்டுக் குடியிருப்பவர்: ஆண்டின் நடுவில் நிலையான இருப்பிடத்தையே மாற்றிக்கொண்டவர். மே மாதம் பட்டம் பெற்று, ஜூலையில் நிரந்தர வேலைக்காக இல்லினாயிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தவர் இரு மாநிலங்களிலும் இந்த வகையில் வருவார். கோடைப் பயிற்சிக்காகப் பத்து வாரம் போய்வந்தவர் இந்த வகையில் வரமாட்டார். அவர் அங்கே வெளிமாநிலத்தவர் மட்டுமே.

வெளிமாநிலத்தவரின் வரியைக் கணக்கிடுவதிலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. கலிபோர்னியா, நியூயார்க் போன்றவை முதலில் மாணவரின் மொத்த வருமானத்துக்கு உரிய வரியைக் கணக்கிட்டு, அதில் தம் மாநிலத்துக்கு உரிய பங்கை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. எனவே அவற்றின் வெளிமாநிலத்தவர் படிவத்தில் பிற மாநிலச் சம்பளமும் கேட்கப்படும். அதைப் பார்த்து, அந்தச் சம்பளத்துக்கும் அங்கே வரி விதிக்கிறார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. வரி விகிதத்தைத் தீர்மானிக்கவே அது பயன்படுகிறது.

டபிள்யூ-2 படிவத்தைப் படிக்கும் முறை

வேலை கொடுத்தவர் ஒவ்வொருவரும், முந்தைய ஆண்டின் சம்பளத்தையும் வரிப் பிடித்தத்தையும் காட்டும் டபிள்யூ-2 என்னும் படிவத்தை ஜனவரி 31ஆம் தேதிக்குள் தர வேண்டும். அதன் முதல் கட்டத்தில் கூட்டாட்சி வரிக்கு உட்பட்ட சம்பளம் இருக்கும். மாநில வரிக்குப் பார்க்க வேண்டியவை 15, 16, 17 ஆகிய கட்டங்கள். 15ஆவது கட்டத்தில் மாநிலத்தின் பெயரும், 16இல் அம்மாநிலத்துக்கு உரிய சம்பளமும், 17இல் அம்மாநிலத்துக்காகப் பிடிக்கப்பட்ட வரியும் அச்சாகியிருக்கும். ஒரே நிறுவனத்துக்காக இரண்டு மாநிலங்களில் வேலை செய்திருந்தால் இரண்டு வரிகளில் இரு மாநிலங்களும் வரும்.

வேலை செய்யாத ஒரு மாநிலத்தின் பெயர் அங்கே அச்சாகியிருந்தாலோ, சம்பளப் பங்கீடு தவறாக இருந்தாலோ, மாணவர் தாமாகத் திருத்தி எழுதாமல், திருத்திய படிவமான டபிள்யூ-2சியை வேலை கொடுத்தவரிடம் கேட்டுப் பெறுவதே முறை.

வரி வரவு

இரட்டை வரியைத் தடுக்கும் முதன்மையான ஏற்பாடு, பிற மாநிலத்துக்குச் செலுத்திய வரிக்காகச் சொந்த மாநிலம் தரும் வரி வரவு ஆகும். வேலை செய்த மாநிலம் முதலில் தன் வரியை எடுத்துக்கொள்ளும். சொந்த மாநிலம் அதே சம்பளத்தையும் கணக்கில் சேர்த்து வரியைக் கணக்கிட்டபின், வெளியே செலுத்தியதைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கும். ஆனால் அந்த வருமானத்துக்குச் சொந்த மாநிலத்தில் வரக்கூடிய வரியைவிட அதிகமாக வரவு கிடைக்காது.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். இல்லினாயில் வீடும் கல்லூரியும் உள்ள ஒரு மாணவி வளாக வேலையில் 6,000 டாலரும், கோடையில் பென்சில்வேனியாவில் 10,000 டாலரும் சம்பாதிக்கிறார். அவரைப் பெற்றோர் தங்கள் கணக்கில் சார்ந்திருப்பவராகக் காட்டுகின்றனர். எனவே இல்லினாயின் தனிநபர் விலக்குத் தொகை அவருக்கு இல்லை. பென்சில்வேனியாவின் வரி விகிதம் 3.07 விழுக்காடு, இல்லினாயின் விகிதம் 4.95 விழுக்காடு. உள்ளாட்சி வரிகளை இங்கே சேர்க்கவில்லை.

பென்சில்வேனியாவில் அவருடைய வரி 307 டாலர். இல்லினாயில் மொத்தம் 16,000 டாலருக்கு வரி 792 டாலர். வரி வரவு 307 டாலரைக் கழித்தால் இல்லினாய்க்கு உரியது 485 டாலர். இரண்டும் சேர்ந்து 792 டாலர் ஆகிறது. வரவைக் கேட்க மறந்தால் அவர் மொத்தம் 1,099 டாலர் செலுத்தியிருப்பார். ஒரு படிவத்தை இணைக்காததற்கான விலை 307 டாலர்.

இப்போது மாநிலங்களை இடம் மாற்றிப் பார்க்கலாம். வீடும் வளாக வேலையும் பென்சில்வேனியாவில். கோடை வேலை இல்லினாயில். இல்லினாய்க்கு வரி 495 டாலர். பென்சில்வேனியாவில் 16,000 டாலருக்கு வரி 491.20 டாலர். ஆனால் அந்தப் பத்தாயிரத்துக்குப் பென்சில்வேனியாவில் வரும் வரி 307 டாலர்தான் என்பதால் வரவும் 307 டாலரோடு நின்றுவிடும். மீதி 184.20 டாலரைப் பென்சில்வேனியாவுக்குச் செலுத்த வேண்டும். மொத்தம் 679.20 டாலர். ஆக, வெளியே சம்பாதித்த தொகையின் மேல் இரண்டு மாநில வரிகளில் அதிகமானது எதுவோ அந்தச் சுமையே இறுதியில் விழுகிறது. இரண்டின் கூட்டுத்தொகை விழுவதில்லை.

வரவைக் கணக்கிடும்போது, டபிள்யூ-2 படிவத்தின் 17ஆவது கட்டத்தில் உள்ள பிடித்தத் தொகையை எடுக்கக் கூடாது. வெளிமாநிலக் கணக்கை முடித்தபின் அங்கே உண்மையில் வந்த வரித் தொகையையே எடுக்க வேண்டும். பிடித்தம் அதற்கு மேல் இருந்தால் அதிகப்படியான தொகையை அந்த வெளிமாநிலமே திருப்பித் தரும்.

இந்த வரவு மாநிலத்தின் தயவால் மட்டும் நிற்பது அன்று. மேரிலாந்து மாநிலம் தன் மாநில வரிக்கு வரவு தந்துவிட்டு, மாவட்ட வரிக்குத் தர மறுத்ததை எதிர்த்த வின் வழக்கில், 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அம்மறுப்பு அரசியல் சட்டத்துக்கு முரணானது என 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மாநில எல்லையைத் தாண்டிச் சம்பாதிப்பவர்மீது, உள்ளூரிலேயே சம்பாதிப்பவரைவிடக் கூடுதல் சுமை விழும்படி வரிமுறை அமையக் கூடாது என்பதே அதன் சாரம்.

வழக்கமான முறை தலைகீழாகும் இடங்களும் சில உள்ளன. அரிசோனா, ஓரிகன், வர்ஜீனியா ஆகிய மாநிலங்களில் குடியிருப்பவர் கலிபோர்னியாவில் வேலை செய்தால், வரவைச் சொந்த மாநிலத்தில் கேட்காமல் கலிபோர்னியாவின் வெளிமாநிலத்தவர் கணக்கில் கேட்க வேண்டும்.

பரஸ்பர ஒப்பந்தங்கள்

அண்டை மாநிலங்கள் சில, ஒன்றின் குடிமக்கள் மற்றதில் பெறும் சம்பளத்துக்கு வரி கேட்பதில்லை என்று தமக்குள் ஒப்பந்தம் செய்துள்ளன. நியூ ஜெர்சியும் பென்சில்வேனியாவும் அத்தகைய இணை. இல்லினாய்க்கு அயோவா, கென்டக்கி, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகியவற்றுடன் ஒப்பந்தம் உண்டு. பக்கத்து மாநிலம் என்பதாலேயே ஒப்பந்தம் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நாள்தோறும் பல்லாயிரம் பேர் எல்லை கடந்து வேலைக்குப் போகும் நியூயார்க்குக்கும் நியூ ஜெர்சிக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை.

ஒப்பந்தத்தின் பயனைப் பெற, வேலையில் சேரும்போதே உரிய விலக்குப் படிவத்தை வேலை கொடுத்தவரிடம் தர வேண்டும். பென்சில்வேனியாவில் வேலைக்குச் சேரும் நியூ ஜெர்சி மாணவர் தர வேண்டியது ஆர்இவி-419 என்னும் படிவம். அதன்பின் அவர் சம்பளத்தில் பென்சில்வேனியா வரி பிடிக்கப்படாது.

படிவம் தராமல் வரி பிடிக்கப்பட்டுவிட்டால், வேலை செய்த மாநிலத்தில் வெளிமாநிலத்தவர் கணக்கைத் தாக்கல் செய்து முழுத் தொகையையும் திரும்பப் பெற வேண்டும். அத்தொகைக்குச் சொந்த மாநிலத்தில் வரி வரவு கேட்க முடியாது. ஏனெனில் அது சட்டப்படி செலுத்த வேண்டிய வரியே அன்று. இந்த ஒப்பந்தங்கள் சம்பளத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சம்பளத்துக்கு வரி இல்லாத மாநிலங்கள்

அலாஸ்கா, டெக்சாஸ், டென்னசி, தெற்கு டகோட்டா, நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா, புளோரிடா, வயோமிங், வாஷிங்டன் ஆகிய 9 மாநிலங்கள் சம்பளத்துக்கு வருமான வரி விதிப்பதில்லை. இம்மாநிலங்களில் வேலை செய்தவருக்கு அங்கே சம்பளத்துக்காகத் தாக்கல் செய்ய எதுவும் இல்லை. ஆனால் அவருடைய வீடு வரி விதிக்கும் மாநிலத்தில் இருந்தால், அந்தச் சம்பளத்தைச் சொந்த மாநிலத்தில் காட்டியே ஆக வேண்டும். வெளியே வரி செலுத்தவில்லை என்பதால் வரவும் இருக்காது. இல்லினாய் மாணவர் சியாட்டிலில் கோடை வேலை செய்தால், பிடித்தமே இல்லாத அந்தச் சம்பளத்துக்கான இல்லினாய் வரி ஏப்ரலில் ஒட்டுமொத்தமாக வந்து நிற்கும். அதற்கான தொகையைக் கோடையிலேயே ஒதுக்கி வைப்பது நல்லது.

இதற்கு மறுதலையும் உண்டு. டெக்சாஸில் வீடு உள்ள மாணவர் கலிபோர்னியாவில் வேலை செய்தால், சொந்த மாநிலத்தில் வரி இல்லை என்பது கலிபோர்னியாவிடம் செல்லாது. அங்கே சம்பாதித்ததற்கு அங்கே கணக்குக் காட்ட வேண்டும்.

குறைந்த வருமானம் உள்ளவர்கள்

கூட்டாட்சி வரி வராத அளவுக்கு வருமானம் குறைவு என்பதால் மாநிலத்துக்கும் தாக்கல் தேவையில்லை என்று பலர் கருதுகின்றனர். 2024ஆம் ஆண்டுக்குத் தனிநபரின் கூட்டாட்சி நிலைக் கழிவு 14,600 டாலர். அதற்குள் சம்பாதித்த மாணவருக்குச் சம்பளத்தின் மேல் கூட்டாட்சி வருமான வரி வராது. ஆனால் மாநிலங்களின் வரம்பு வேறு. பென்சில்வேனியாவில் வரிக்கு உட்பட்ட வருமானம் 33 டாலரைத் தாண்டினாலே தாக்கல் செய்ய வேண்டும்.

வரம்புக்குக் கீழே இருந்தாலும், சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்டிருந்தால் அதைத் திரும்பப் பெறுவதற்காகவே தாக்கல் செய்வது பயனுள்ளது. பெற்றோர் தம் கணக்கில் மாணவரைச் சார்ந்திருப்பவராகக் காட்டுவது, மாணவர் தனியே தாக்கல் செய்வதைத் தடுக்காது. தன்னை வேறொருவர் சார்ந்திருப்பவராகக் காட்ட முடியும் என்பதைப் படிவத்தில் குறிப்பிட்டால் போதும்.

பன்னாட்டு மாணவர்கள்

எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர் பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் வரை கூட்டாட்சி வரிக்கு வெளிநாட்டவராகவே கருதப்பட்டு, 1040-என்ஆர் படிவத்தையும் 8843 படிவத்தையும் தாக்கல் செய்கிறார். இந்தியாவிலிருந்து சென்ற மாணவர்களுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. இந்திய-அமெரிக்க வரி உடன்படிக்கையின் 21ஆவது பிரிவின்படி, பிற வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காத நிலைக் கழிவை அவர்கள் கோரலாம்.

மாநில வரியில் இவை அப்படியே தொடரும் என்று எண்ணக் கூடாது. கூட்டாட்சிச் சட்டத்தில் வெளிநாட்டவரான ஒருவர், ஒரு மாநிலத்தின் சொந்த விதிகளின்படி அங்கே குடியிருப்பவராகக் கருதப்படலாம். உடன்படிக்கைச் சலுகைகளையும் எல்லா மாநிலங்களும் ஏற்பதில்லை. கலிபோர்னியா ஏற்காத மாநிலங்களுள் ஒன்று. உடன்படிக்கையால் கூட்டாட்சி வரியிலிருந்து விலக்குப் பெற்ற வருமானத்தையும் அங்கே மீண்டும் சேர்த்துக் காட்ட வேண்டும். மேலும், குடிமக்களுக்கான சாதாரண வரி மென்பொருள்கள் பல 1040-என்ஆர் படிவத்தைத் தயாரிப்பதில்லை. தவறான படிவத்தில் தாக்கல் செய்வதைத் தவிர்க்க, பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகம் பரிந்துரைக்கும் மென்பொருளைப் பயன்படுத்துவது நல்லது.

உள்ளாட்சி வரியும் தொலைவேலையும்

மாநில வரியோடு கணக்கு முடியாத இடங்களும் உள்ளன. பென்சில்வேனியா, ஓஹையோ, இந்தியானா, மேரிலாந்து போன்ற மாநிலங்களில் நகரம் அல்லது மாவட்ட அளவிலும் வருமானத்தின் மேல் வரி உண்டு. பிலடெல்பியா நகரின் சம்பள வரி, நகருக்கு வெளியே இருந்து வந்து வேலை செய்பவருக்கும் பொருந்தும். முன்பு கூறிய நியூ ஜெர்சி-பென்சில்வேனியா ஒப்பந்தம் இந்த நகர வரியைத் தடுக்காது. எனினும் அதற்கு நியூ ஜெர்சியில் வரி வரவு கோரலாம்.

வீட்டிலிருந்தே கணினி வழியாக வெளிமாநில நிறுவனத்துக்கு வேலை செய்பவரின் வருமானம், பொதுவாக அவர் உட்கார்ந்து வேலை செய்த மாநிலத்துக்கே உரியது. நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் இதற்கு விதிவிலக்கு. நிறுவனத்தின் தேவைக்காக அன்றித் தன் வசதிக்காக வெளியில் இருந்து வேலை செய்தால், அந்த நாட்களின் சம்பளமும் நியூயார்க்கில் ஈட்டியதாகவே அங்கே கருதப்படும்.

தாக்கல் செய்யும் வரிசை

வரிசை மாறினால் எண்கள் பொருந்தாமல் போகும். எனவே கீழ்க்காணும் ஒழுங்கைப் பின்பற்றுவது வழக்கம்.

1. எல்லா டபிள்யூ-2 படிவங்களையும் திரட்டி, ஒவ்வொரு மாநிலத்திலும் வேலை செய்த நாட்களோடு 15, 16, 17ஆம் கட்டங்களை ஒப்பிடுதல்.

2. கூட்டாட்சிக் கணக்கை முதலில் முடித்தல். பெரும்பாலான மாநிலப் படிவங்கள் அதிலுள்ள எண்களிலிருந்தே தொடங்குகின்றன.

3. வேலை செய்த வெளிமாநிலங்களின் கணக்குகளை அடுத்து முடித்தல். அங்கே உண்மையில் எவ்வளவு வரி என்பது இப்போது தெரியவரும்.

4. சொந்த மாநிலத்தின் கணக்கைக் கடைசியாக முடித்து, வரி வரவைக் கோருதல். வெளிமாநிலக் கணக்கின் நகலை இணைக்கச் சொல்லும் மாநிலங்களும் உண்டு.

கூட்டாட்சிக்கும் பெரும்பாலான மாநிலங்களுக்கும் கடைசி நாள் ஏப்ரல் 15. வர்ஜீனியாவுக்கு மே 1 எனச் சில மாநிலங்களில் தேதி வேறுபடும். வருமானம் குறைந்தவர்களுக்கு, உள்நாட்டு வருவாய்த் துறையின் விட்டா திட்டத்தின்கீழ் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இலவசமாகக் கணக்குத் தயாரித்துத் தருகின்றனர். பல கல்லூரி வளாகங்களிலும் பொது நூலகங்களிலும் இந்த மையங்கள் வரிப் பருவத்தில் இயங்கும். பல மாநிலக் கணக்குகளை எல்லா மையங்களும் ஏற்பதில்லை என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு செல்ல வேண்டும்.

வேலையில் சேர்ந்த நாளும் விலகிய நாளும், தங்கியிருந்த முகவரி, கடைசிச் சம்பளச் சீட்டு, தாக்கல் செய்த கணக்குகளின் நகல் ஆகியவற்றைச் சில ஆண்டுகள் பத்திரப்படுத்துவது அவசியம். இரண்டு மாநிலங்களுள் ஒன்று பின்னர் விளக்கம் கேட்டால், மாணவர் எங்கே குடியிருந்தார், எங்கே வேலை செய்தார் என்பதற்கு இந்தத் தாள்களே சான்றாகும்.